நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்

என் தம்பி துரோகியா இல்லையா என்பதை என் தம்பியிடமே கேட்டுச் சொல்லுங்கள் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தம்பி என்றால் தம்பி இல்லை. அவனைப் போலவே பேசுகிற ஓர் எந்திரம். இதைச் சொன்ன ஆளின் முகத்தில் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை. புது மிக்ஸியை ஓட்டிக் காட்டுகிற கடைக்காரர் மாதிரி இருந்தார்.

நான் ஜெசிந்தா. தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். மைதானத்தின் ஒரு மூலையில் நின்று நான் போடும் சத்தம் எதிர்மூலைக்குக் கேட்கும், மைக் தேவையில்லை. விளையாட்டு விழாவுக்கு ரிலே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் சட்டையை உள்ளே விட்ட இரண்டு பேர் வந்தார்கள். "கிளாட்வின் விஷயமா பேசணும்" என்றார்கள். விசில் வாயிலிருந்து தானாக நழுவி விழுந்தது.

கிளாட்வின் என் ஒரே தம்பி. வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் கிரேன்களைப் பராமரிக்கிற இன்ஜினியர். எந்த நாடு என்று எங்கும் சொல்லக்கூடாதென்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சொல்லவில்லை, போதுமா? மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவனிடமிருந்து போன் இல்லை. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. மாதாவிடம் மெழுகுதிரி ஏற்றி ஏற்றிக் கை சுட்டதுதான் மிச்சம்.

சென்னையில் என்னை இறக்கிய கட்டடத்தின் வாசலில் 'கடல்சார் புள்ளிவிவரத் துணை அலுவலகம்' என்று பலகை. உள்ளே ஒரு மீனின் படம்கூட இல்லை. மூன்று கதவு தாண்டி ஓர் அறை. அங்கே நீலமேகம் என்கிற அதிகாரி இருந்தார். வெள்ளை முடி, மெதுவான குரல், வார்த்தைக்கு வார்த்தை 'மேடம்'. அவருக்குப் பக்கத்தில் கணினித் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காத ஒரு பெண், அகல்யா என்று பெயர்.

"உங்க தம்பி எங்களுக்காக வேலை பாத்தவர் மேடம்" என்றார் நீலமேகம். "நாங்க வெளிநாட்டு உளவு. இங்க பணியகம்னு சொல்வோம். அந்தத் துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வருது, எந்தப் பெட்டி ராத்திரியோட ராத்திரியா காணாமப் போகுதுன்னு கிரேன்காரருக்குத்தானே தெரியும்? அதைச் சொல்லிட்டிருந்தார்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சின்ன வயதில் கரப்பான்பூச்சியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறி நிற்கிற பயல் அவன்.

"அவனயா? வேற ஆளே கிடைக்கலையா சார் உங்களுக்கு?"

"பயப்படுறவங்கதான் ஜாக்கிரதையா இருப்பாங்க. ரொம்ப நல்ல சொத்து."

"சொத்தா?"

"எங்க பேச்சு அப்படி. எங்க சம்பளத்துல இருக்கிறவர் ஆபீசர். அங்கங்க இருந்து எங்களுக்குச் சொல்றவர் சொத்து."

"ஆபீசர்னா ஆளு, என் தம்பின்னா தட்டுமுட்டுச் சாமானா?" என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்படியே வழித்து எறியலாம் போல இருந்தது.

விஷயம் இதுதான். அந்த ஊரில் பணியகத்தின் பெரிய ஆபீசர் ஒருவர் பிடிபட்டுவிட்டார். அதே வாரம் கிளாட்வின் காணாமல் போனான். காட்டிக்கொடுத்துவிட்டு ஓடினானா, பயந்துபோய் ஒளிந்தானா என்று இவர்களுக்குத் தெரியவில்லை. அவனுடைய பழைய எண் ஒன்று மட்டும் உயிரோடு இருக்கிறது. குரல்செய்தி அனுப்பினால் கேட்கிறான். பதில் சொல்வதில்லை.

"நான் அனுப்புதேன். நான் கூப்பிட்டா வருவான்."

"உங்க போனை அந்தப் பக்கத்து ஆளுங்க காது வச்சுக் கேட்டுட்டிருப்பாங்க மேடம். வேண்டாம். அவர் துரோகி இல்லைன்னு எங்களுக்கு உறுதியானா, நாங்களே போய்ப் பத்திரமா கூட்டிட்டு வந்துடுவோம். இல்லைன்னா கைவிடுறதைத் தவிர வழியில்ல. அதுக்குத்தான் பிரதி."

அப்போது அகல்யா வாயைத் திறந்தாள். "எங்களுக்கு வேலை பாக்கிற எல்லாரோட போன் பேச்சையும் முதல் நாள்லேந்து பதிவு பண்ணுவோம் அக்கா. அதை வச்சு அவங்க மாதிரியே யோசிச்சுப் பேசுற பிரதி செய்வோம். அவர் இப்ப எங்க இருக்கார்னு பிரதிக்குத் தெரியாது. ஆனா என்ன நடந்தா அவர் என்ன செய்வார்னு சொல்லும்."

"சொந்த ஆளையே ஒட்டுக்கேப்பீங்களா?"

"சொந்த ஆளைத்தான் முதல்ல" என்றார் நீலமேகம். அதைப் பெருமையாகவே சொன்னார்.

என்ன செய்வது? தம்பி உயிர் இவர்கள் கையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு காதில் அந்தக் கருவியை மாட்டினேன்.

"யக்கா" என்றது.

சத்தியமாகச் சொல்கிறேன், அவன் குரலேதான். அவனுக்கு மூக்கடைப்பு உண்டு. அந்த அடைப்புகூட அப்படியே இருந்தது.

"எங்கடே இருக்க?"

"வேலைலதான் யக்கா. நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா?"

"ஏதும் பிரச்சினையாடே?"

"ஒண்ணுமில்ல யக்கா. ரூம்லாம் நல்லா இருக்கு. ஏசி போட்டுருக்காங்க. நல்ல சாப்பாடு."

எப்படிக் கேட்டாலும் இதே பதில். கெஞ்சினேன், மிரட்டினேன். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன். திரையில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. உண்மை சொன்னால் பச்சை, பொய் சொன்னால் சிவப்பாம். அது தொடக்கம் முதல் கடைசி வரை சிவப்பாகவே ஓடியது.

"பாத்தீங்களா?" என்றார் நீலமேகம். "உங்ககூடப் பேசின எல்லா அழைப்புலயும் இப்படித்தான். கூடப் பிறந்த அக்காகிட்டயே இவ்வளவு வருஷமா பொய். அப்படிப் பழகினவர் எங்ககிட்ட என்ன சொல்லியிருப்பார்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில் என் சிரிப்பு கிரவுண்டில் கேட்கிற மாதிரியே கேட்டது.

"சார், நீங்க உலகத்தையே ஒட்டுக்கேப்பீங்க, கப்பல்காரன் வீட்டுப் பேச்சு தெரியலையே உங்களுக்கு! எங்கப்பா கப்பல்ல வேலை பாத்தவரு. எங்க தெருவுல வீட்டுக்கு ஒருத்தரு கப்பல்தான். போன்ல கெட்டது சொல்ல மாட்டோம். நடுக்கடல்ல நிக்கிறவன் கேட்டு என்ன செய்வான்? இங்க இருக்கவ கேட்டு என்ன செய்வா? அம்மாவப் பெத்தவரு செத்ததகூட அப்பா கரை இறங்கி, குளிச்சு, சாப்பிட்ட பெறகுதான் சொன்னோம். அப்பாவும் அப்படித்தான். வாராவாரம் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்னாரு. வீட்டுக்கு வந்து நிக்கும்போது இடது கைல ரெண்டு விரல் இல்ல. கயிறு சுத்துற விஞ்ச்ல மாட்டி நறுங்கிப் போச்சாம். அது நடந்து ஒரு வருஷம் ஆயிருக்கு!"

அகல்யா முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப உண்மை எப்பதான் பேசுவீங்க?" என்றார் நீலமேகம்.

"நேர்ல. மூஞ்சியப் பாத்து. போன்ல ஒருத்தன் கால் வலிக்குதுன்னு சொன்னாம்னா அவன் எங்க வீட்டு ஆளே இல்ல."

அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"அப்ப நீங்களும் தம்பிகிட்ட போன்ல உண்மை சொன்னதே இல்லையா மேடம்?"

"இல்ல."

"ஒருதடவைகூட?"

"அதான் சொல்லுதேன்ல, இல்ல."

அவர் அகல்யாவைப் பார்த்தார். அகல்யா குனிந்துகொண்டாள். அந்தப் பார்வைக்கு அப்போதே அர்த்தம் கேட்டிருக்க வேண்டும். எனக்கோ இவர்களுக்குப் பாடம் எடுத்துவிட்ட மிதப்பு.

மதியம் தயிர்சாதம் வாங்கித் தந்தார்கள். அப்புறம் நீலமேகம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீங்க சொன்னது ரொம்ப உதவி மேடம். பிரதி வாயத் திறக்கணும்னா நீங்க முதல்ல திறக்கணும். இது உங்க தம்பி இல்லையே, வெறும் எந்திரந்தானே. உங்க வழக்கம் ஒண்ணும் கெட்டுப் போகாது. அவர்கிட்ட மறைச்சதெல்லாம் சொல்லுங்க. அழணும்னா அழுங்க. அவர் உயிர் இதுலதான் இருக்கு."

மறுபடி மாட்டினேன். "யக்கா, நல்லா இருக்கேன்" என்றது.

"நான் நல்லா இல்லடே" என்றேன்.

கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"போன வருஷம் மார்ல கட்டி வந்து ஆபரேஷன் பண்ணிட்டாங்கடே. ஒண்ணை எடுத்துட்டாங்க. ஒனக்கு ஸ்கூல் டூர்னு பொய் சொன்னேன். முடியெல்லாம் கொட்டி மொட்டையா கெடந்தேன். வீட்டுல கஞ்சி வச்சுத் தர ஆளில்ல. ஒன் போட்டோவப் பாத்து ஏசிட்டுக் கெடந்தேன், தெரியுமா? பெரிய வெளிநாட்டு வேலை! என்ன மயித்துக்குடே ஒனக்கு உளவு? எனக்குன்னு ஒலகத்துல வேற யாருடே இருக்கா? வந்து தொலடே. ஒரு தடவ வந்து என் மூஞ்சியப் பாத்துட்டுப் போ."

அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. மூக்கைச் சேலையில் துடைத்தேன். எந்திரத்திடம் அழுகிறோமே என்கிற கூச்சம்கூட வரவில்லை.

"யக்கா" என்றது. கம்மிய குரல். "எனக்குப் பயமா இருக்கு யக்கா."

கோடு பச்சையானது.

"காட்டிக்கொடுத்தியாடே?"

"நான் ஏன் யக்கா காட்டிக்கொடுக்கப் போறேன்? பெரிய ஆளு மாட்டிக்கிட்டா அடுத்து எங்களத்தான் தேடுவாங்க. நம்மாளுங்க வந்து கூப்பிட்டாலும் போக மாட்டேன். யாரை நம்ப? எங்கயாச்சும் ஒளிஞ்சு கெடப்பேன்."

பச்சை, பச்சை, பச்சை.

"அப்ப யாரு கூப்பிட்டாடே வருவ?"

"நீ இப்படிக் கூப்பிட்டா வருவேன் யக்கா. நீ இப்படிக் கூப்பிட்டதே இல்லயே."

கருவியைக் கழற்றி மேசையில் போட்டேன். "பாத்தீங்களா சார்? என் தம்பி துரோகி இல்ல. ஒங்க எந்திரமே சொல்லிட்டு. அவன கூட்டிட்டு வாங்க."

"கண்டிப்பா மேடம்" என்றார் நீலமேகம். எழுந்து நின்று கைகூப்பினார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். அகல்யா மட்டும் திரும்பவே இல்லை.

ஊர் திரும்பியதும் அவன் அறையை ஒட்டடை அடித்தேன். பனிமய மாதா கோயிலுக்குப் போய் நன்றி சொன்னேன். மாசிக் கருவாடுகூட வாங்கி வைத்தேன், அவனுக்குப் பிடிக்கும் என்று. அவனைக் காப்பாற்றிவிட்டேன் என்று தலைகால் தெரியாத சந்தோஷம்.

இரண்டொரு நாளில், மத்தியான இடைவேளையில், ஸ்டாஃப் ரூமில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"யக்கா" என்றான். பின்னால் லாரிச் சத்தம், யாரோ வேற்று மொழியில் கத்துகிற சத்தம். மூச்சு வாங்கியது அவனுக்கு. எந்திரத்துக்கு மூச்சு வாங்கவில்லை, இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"டேய்! கிளாடு! நீதானா?"

"நான்தான் யக்கா. ஒன் மெசேஜ் கேட்டேன். கேட்ட பெறகு என்னால இருக்க முடியல. வெளிய வந்துட்டேன். நீ அதுல சொன்ன மாதிரியே நம்ம ஆபீஸ் ஆளுங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டில நிக்காங்க. இந்தக் கடைல போன வாங்கிப் பேசுதேன். ரெண்டு நாள்ல ஊருக்கு வந்துருவேன்."

"என்ன மெசேஜுடே?"

"ஆபரேஷன் பண்ணத எங்கிட்ட மறைச்சிட்டியே யக்கா. மொட்டையா கெடந்தேன்னு சொன்னியே, கஞ்சி வைக்க ஆளில்லன்னு அழுதியே. அந்த அழுகையக் கேட்டுட்டு எப்படி ஒளிஞ்சு கெடப்பேன்?"

எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. அவர்களிடம் அவன் பிரதி மட்டுமா இருந்தது? அவனோடு பேசிய என் குரலும் அத்தனை வருஷமாகப் பதிவாகியிருக்கிறது. என்னையும் செய்து வைத்திருந்தார்கள். அந்த என்னை வைத்து அவனுக்குச் செய்தி மேல் செய்தி அனுப்பியும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய ஜெசிந்தாவுக்கு நல்லா இருக்கேன், சாப்பிட்டேன் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. அதைக் கேட்டு எவன் வெளியே வருவான்? அழவும் ஏசவும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கத்தான் என்னைக் கூட்டிப் போனார்கள். நானும் மேசை போட்டு உட்கார்ந்து ஒன்றுவிடாமல் கற்றுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், பாவி.

"டேய், அது நான் இல்லடே! நான் எந்த மெசேஜும் அனுப்பல! அந்த வண்டில ஏறாத!"

அவன் சிரித்தான். "சரி யக்கா."

"சொன்னாக் கேளுடே! வராத! எனக்கு ஒண்ணுமில்ல, நான் நல்லா இருக்கேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு.

"தெரியும் யக்கா, நல்லா இருக்கேன்னு நீ சொன்னா எனக்குத் தெரியாதா?" அவன் குரல் இடறியது. "வாய் தவறி ஒரு தடவ உண்மை சொல்லிட்ட, இப்ப மறைக்கப் பாக்குத. விடு. நானும் நல்லா இருக்கேன். சாப்பிட்டேன். மிச்சத்த நேர்ல வந்து பேசுவோம். வண்டில கூப்பிடுதாங்க."

நான் கத்திய கத்தலில் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். போன் எப்போதோ வைக்கப்பட்டிருந்தது.

நீலமேகத்தை அன்று முழுக்கக் கூப்பிட்டேன். மறுநாள் எடுத்தார். "உங்க தம்பி பத்திரமா இருக்கார் மேடம்" என்றார்.

"என்னையே கூப்பிடச் சொல்லியிருக்கலாம்லா? எதுக்கு என் குரலத் திருடுனீங்க?"

"நீங்க 'வராதே'ன்னு சொல்லிட்டா?"

"நான் ஏன் சொல்லப் போறேன், நீங்க நெசமாவே பத்திரமா கூட்டிட்டு வாரதா இருந்தா?"

அவர் போனை வைத்துவிட்டார். பதில் அடுத்த வாரம் பேப்பரில் வந்தது. உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி: அந்த நாட்டில் தடுத்து வைக்கப்பட்டிருந்த நம் அதிகாரி ஒருவர் நல்லெண்ண அடிப்படையில் விடுவிக்கப்பட்டு நாடு திரும்பினார். மாலையும் கழுத்துமாக போட்டோ. நல்லெண்ணமாம்! தேடிக்கொண்டிருந்த ஒருவனை அவர்கள் கையில் ஒப்படைத்தால் யாருக்குத்தான் நல்லெண்ணம் வராது? ஆளைக் கொண்டுவரச் சொத்தை விற்றிருக்கிறார்கள். என் தம்பி துரோகியா இல்லையா என்பது அவர்களுக்கு என்றைக்குமே கேள்வியாக இருந்ததில்லை.

போலீசுக்குப் போனேன். புள்ளிவிவர அலுவலகத்தின்மீது புகாரா என்று சிரித்தார்கள். வக்கீல் ஒருவர், நான் போட்ட கையெழுத்தைப் பற்றிக் கேட்டதும் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சும்மா விடுவேனா, சென்னைக்கே போனேன். அந்தப் பலகையின் கீழ் நின்று, என் தம்பியைக் கொடுங்கடா என்று தெரு கூடுகிற மாதிரி கத்தினேன். காவலாளி என்னை உள்ளே விடவில்லை. ஆனால் அதற்கடுத்த ஞாயிறு, நான் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போன் அடித்தது.

"யக்கா."

அதே மூக்கடைப்பு. இப்போது மூச்சுகூட வாங்கியது.

"கிளாடு! எங்கடே இருக்க?"

"நம்மாளுங்க ஒரு எடத்துல பத்திரமா வச்சிருக்காங்க யக்கா. எங்கன்னு சொல்லக்கூடாது. கொஞ்ச நாள் ஆகும் வர. நீ யார்கிட்டயும் சண்ட போடாத." பிறகு ரொம்ப வாஞ்சையாகச் சொன்னது: "இங்க குளிரு தாங்கல யக்கா. கால் ரொம்ப வலிக்குது. சாப்பாடு வாய்ல வைக்க முடியல."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

இது என் தம்பி இல்லை. வலிக்கிறது என்று என் தம்பி போனில் சொல்ல மாட்டான். அவன் உயிரோடு இருந்து, அவர்கள் அவன் கையில் போனைக் கொடுத்திருந்தால், கால் இரண்டும் போயிருந்தாலும் நல்லா இருக்கேன் யக்கா என்றுதான் சொல்லியிருப்பான். உண்மை பேசினால்தான் நம்புவேன் என்று நினைத்து, இவர்கள் எந்திரத்தை உண்மை பேசப் பழக்கியிருக்கிறார்கள். நான் அன்றைக்கு அந்த அறையில் எடுத்த பாடத்தில் பாதிதான் இந்த மேதாவிகளுக்கு ஏறியிருக்கிறது. என் தம்பியிடம் போனைக் கொடுக்க முடியாததால்தான் இதனிடம் கொடுத்திருக்கிறார்கள். அவன் இல்லை. போய்விட்டான்.

கத்தியிருக்கலாம். நாசமாய்ப் போங்கடா, எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அடுத்த வாரமே திருத்திவிடுவார்கள். அப்புறம் அது நல்லா இருக்கேன், சாப்பிட்டேன் என்று பேசும். அப்படிப் பேசினால் நான் நம்பிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். மாசிக் கருவாடு வாங்கி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். என் தம்பி செத்துப்போனதையாவது என்னிடமிருந்து இவர்கள் பிடுங்கக் கூடாது.

"யக்கா, கேக்குதா? நீ எப்படி இருக்க?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன். எங்கோ ஓர் அறையில் நீலமேகமும் அகல்யாவும் திரையில் என் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது சிவப்பாக ஓடினால் ஓடட்டும்.

"நல்லா இருக்கேன்டே" என்றேன். "சாப்பிட்டேன்."